ஏறிக் கிடக்கும் படங்கு

வன்னியில் கணிதம் படிப்பிக்கிறேன். கூட்டுத் தளவுருக்களின், அதாவது செவ்வகம் போன்ற உருவங்கள் சேர்ந்தமைந்த உருவங்களின், பரப்பளவில் பிள்ளை பிழைவிட்டால், "சூத்திரம் பாடமில்லை" என்றுதான் பெற்றோர் சொல்வார்கள். நான் திருத்தும் கொப்பிகளில் அப்படித் தெரியவில்லை. நீளம் × அகலம் எல்லாருக்கும் தெரியும். எந்த நீளம், எந்த அகலம் என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

8 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலமான தரை. அதன் ஒரு மூலையில், நீளப்பக்கம் 3 மீற்றரும் அகலப்பக்கம் 2 மீற்றருமான செவ்வகத்தை வெட்டியெடுத்தாயிற்று. மிச்சப் பரப்பு எவ்வளவு? நிறையப் பேர் எழுதுவது இது: 8 × 4 = 32, 5 × 6 = 30, மொத்தம் 62 சதுர மீற்றர். பெருக்கலும் சரி, கூட்டலும் சரி. ஆனால் மூலை வெட்டாத முழுத் தரையே 48தானே!

முன்பு சிவப்புப் பேனையால் வெட்டி, சரியான விடையை எழுதிவிடுவேன். அடுத்த சோதனையிலும் அதே பிழை வரும். ஒரு காலபோக அறுவடை நேரம், வீதியோரம் படங்கு (தார்ப்பாய்) விரித்து நெல் காயப்போட்டிருந்தார்கள். அதை நினைவுபடுத்திக் கேட்டேன்: "ரெண்டு படங்கு விரிச்சு, ஒன்றின் ஓரம் மற்றதுக்கு மேல ஏறிக் கிடந்தா, அந்த இடத்தில ரெண்டு தரம் நெல் பரவலாமோ?"

"ஏலாது சேர், மேல் படங்கில மட்டும்தான்" என்றாள் ஒரு பிள்ளை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதிலயும் படங்கு ஏறித்தான் கிடக்கு" என்று தன் படத்தில் 5 × 4 பகுதியை நிழற்றினாள். 62இல் அந்த 20 போக 42.

அதிலிருந்து, எண்ணைத் தொடமுன் வெட்டுக்கோட்டைப் பென்சிலால் கீறச் சொல்கிறேன். தராத பக்கங்களை, 6 − 2 = 4, 8 − 3 = 5 என்று படத்திலேயே குறிக்கவேண்டும். அப்புறம் இரண்டு வழியில் செய்யவேண்டும். பிரித்துக் கூட்டினால் 32 + 10, முழுதிலிருந்து கழித்தால் 48 − 6. இரண்டும் 42 என்று கண்ட பிள்ளை "சரியா சேர்?" என்று என்னிடம் வருவதில்லை.

அரைவட்டத்தில் விட்டம் 14ஐ ஆரையாக எடுத்து, பரப்பு 308 என்பார்கள். அதைச் சுற்றி 14 × 7 செவ்வகம் கீறச் சொன்னால் போதும். 98க்குள் அடங்கும் உருவம் 308 ஆகுமா? தாங்களே 77க்கு வந்துவிடுவார்கள்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டுத் தரைக்குச் சீமெந்து பூசவோ ரைல்ஸ் பதிக்கவோ அளக்கும்போது, அளவுநாடாவைப் பிள்ளையிடம் கொடுங்கள். விறாந்தையும் அறையும் சேர்ந்த தரை பெரும்பாலும் ஒரே செவ்வகமாக இராது. எங்கே பிரிப்பதென்று பிள்ளையே வெண்கட்டியால் தரையில் கோடு கீறட்டும். பிழைத்தாலும் உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். "படங்கு எங்கேயாவது ஏறிக் கிடக்கா?" என்று மட்டும் கேளுங்கள்.