தூணோரத்தில் நரம்பு ஏன் அறுகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தின் உட்பகுதியில், பழைய இறங்குதுறைத் தூண்களையொட்டி ஒரு மாலைப் பொழுதில் என் செயற்கை இரையைக் கவ்விய செப்பிலி மீன் ஒன்று, பத்து விநாடிகளுக்குள் தூணைச் சுற்றி ஓடி தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது. இவ்வூரார் அந்த மீனை ராக் சால்மன் என்பார்கள். உண்மையான சால்மனுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. இரைக்கு முன்னால் நான் கட்டியிருந்த லீடர் என்னும் முனை நரம்பு 18 கிலோ தாங்கும் என்று உறையில் அச்சிட்டிருந்தது. ரீலின் டிராக்கை, அதாவது எந்த இழுப்பில் நூல் நழுவ வேண்டும் என்று தீர்மானிக்கும் தடையை, 5 கிலோவுக்குத்தான் திருகி வைத்திருந்தேன். ஐந்து கிலோவில் நழுவ வேண்டிய நூலின் முனையில் பதினெட்டு கிலோ தாங்கும் நரம்பு எப்படி அறும்? பக்கத்தில் நின்ற மாமா, அறுந்த முனையை விரலால் தடவிப் பார்த்து, "தம்பி, மீன் அறுக்கவில்லை, தூண் அறுத்தது" என்றார். அவர் சொன்னதன் பின்னால் இருக்கும் இயற்பியலே இக்கட்டுரையின் பொருள்.

இரைக்கும் ரீல் நூலுக்கும் இடையே கட்டப்படும் தடித்த துண்டு நரம்பே லீடர். ரீலில் இருப்பது பெரும்பாலும் பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிய நூல். அதே தடிமனுள்ள நைலானைவிடப் பல மடங்கு வலிமையானது. ஆனால், அந்த வலிமை முழுவதும் முடியினும் மெல்லிய பல இழைகளுக்குப் பங்கிடப்பட்டிருக்கிறது. இழுவிசையில் விறைத்து நிற்கும் பின்னலை ஒரு கூரிய விளிம்பு தொட்டால் இழைகள் ஒவ்வொன்றாக அறுபடும். மிச்சமுள்ள இழைகளின் சுமை கூடும். ஆகவே அவை இன்னும் விரைவாக அறும். போதாக்குறைக்கு, இந்தப் பொருள் ஏறத்தாழ 145 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். எனவே பாறையையும் தூணையும் தொடப்போகும் பகுதியில் பின்னல் நூல் இருக்கவே கூடாது.

டர்பன் துறைமுகத் தூண்களை நீர்மட்டம் தாழ்ந்த வேளையில் அருகில் சென்று பார்த்தால், சிமெண்டு கண்ணுக்கே தெரியாது. கொட்டலசும் சிப்பியும் மட்டியும் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பியிருக்கும். துறைமுக வாயிலின் அலைத்தடுப்புச் சுவர்களிலோ, 1960-களில் இதே நாட்டின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் உருவாக்கப்பட்ட டோலோஸ் என்னும் முறுக்கிய வடிவக் கற்காரைக் கட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. களவா மீன் ஒளிந்துகொள்ள அதைவிட வாகான வீடு இல்லை. சிப்பி ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. கற்களின் கணக்கில் அது கடினமான பொருளன்று என்றாலும், நைலானை வெட்ட அந்தக் கடினமும் விளிம்பின் கூர்மையும் தாராளமாகப் போதும்.

இங்குதான் தடிமனின் கணக்கு வருகிறது. 0.40 மில்லிமீட்டர் விட்டமுள்ள நரம்பில் 0.1 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கீறல் விழுந்தால், அதன் குறுக்குப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதே கீறல் 0.80 மில்லிமீட்டர் நரம்பில் விழுந்தால் இழப்பு 7 விழுக்காடுதான். கீறலின் அடியில் விசை குவிவதால் உண்மையான பலவீனம் இந்தக் கணக்கைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே தூணோரத்தில் தடித்த லீடர் கட்டுவது பெரிய மீனைத் தூக்குவதற்காக அன்று. கீறல் பட்டபின் எஞ்சியிருக்கும் நரம்பு போதுமானதாக இருக்க வேண்டும் என்பதற்காகவே. உறையில் அச்சிட்ட கிலோவைவிட, சிறிய எழுத்தில் ஓரமாக இருக்கும் மில்லிமீட்டரையே நான் முதலில் பார்க்கிறேன்.

இனி ஐந்து கிலோ டிராக்கின் புதிர். கிணற்றுக் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால், கனத்த வாளியையும் ஒரு குழந்தை பிடித்து நிறுத்திவிடும். உராய்வு ஒவ்வொரு பாகைக்கும் விசையைப் பெருக்கிக்கொண்டே போவதுதான் காரணம். உராய்வுக் கெழுவை 0.3 என்று வைத்துக்கொண்டால், தூணைக் கால் சுற்றுச் சுற்றிய நரம்பின் ஒரு பக்கத்து இழுவிசை மறுபக்கத்தைப்போல் 1.6 மடங்காகும், அரைச் சுற்றில் 2.6 மடங்கு. ஆக, மீன் ஓடும்போது என் ரீல் ஐந்து கிலோவை உணர்ந்தது. தூணுக்கு அப்பால் லீடரோ ஏறத்தாழ 13 கிலோவைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் சிப்பியின் கீறல். அதற்கும் மேல், எப்போதும் வலிமையில் ஒரு பங்கைப் பறித்துக்கொள்ளும் முடிச்சு. 18 கிலோ எங்கே போயிற்று என்பது இப்போது விளங்கும். இதைவிட எரிச்சலூட்டுவது மறுதிசைக் கணக்கு. நான் ஐந்து கிலோவுடன் இழுத்தால் தூணைச் சுற்றி மீனைச் சென்றடைவது இரண்டு கிலோவுக்கும் குறைவு. அதனால்தான் தூணில் சுற்றிய மீனைப் பலத்தால் மீட்க முடிவதில்லை. நூலைத் தளர்த்திவிட்டு, அது தானாக வெளியே வரும்வரை காத்திருப்பவர்களுக்குச் சில வேளைகளில் கிடைத்துவிடுகிறது.

அப்படியானால் கிடைக்கும் நரம்புகளிலேயே மிகத் தடித்ததைக் கட்டிவிடலாமே என்று தோன்றும். தடிமன் இரட்டிப்பானால் வலிமை நான்கு மடங்காகிறது, உண்மைதான். ஆனால் வளைவதற்குக் காட்டும் விறைப்பு பதினாறு மடங்காகிவிடும். விறைத்த நரம்பின் முனையில் சிறிய இரை நீந்தாது, கம்பியில் குத்திய பொம்மையைப்போல் இழுபடும். இரையின் கண்ணியில் இறுக்கிக் கட்டாமல் சிறு வளையமாக முடிச்சிட்டால் இந்தக் குறை ஓரளவு நீங்கும். எனினும் பத்து கிராம் மென்ரப்பர் இரைக்கு 0.80 நரம்பைக் கட்டுபவர் மீனைத் தேடுகிறாரா, பாறையைத் தேடுகிறாரா என்று எனக்குச் சந்தேகம்தான். துறைமுகத் தூண்களுக்கு 0.55 முதல் 0.70 வரையும், டோலோஸ் இடுக்குகளில் பெரிய பாரைக்கு 0.80-க்கு மேலும் என்பது என் அனுபவத்தில் நின்ற அளவு.

லீடர் நரம்பு நைலானா, ஃபுளோரோகார்பனா என்ற வாதத்தில் முதலில் எல்லோரும் பேசுவது கண்ணுக்குத் தெரியாமையைப் பற்றியே. கடல்நீரின் ஒளிவிலகல் எண் 1.34, ஃபுளோரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.53. நேராக விழும் ஒளியில் நைலான் திருப்பியனுப்பும் பங்கு ஃபுளோரோகார்பனைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஆனால் கோடை மழைக்குப்பின் உம்ங்கேனி ஆற்றின் செந்நீர் கடலில் பரந்து கிடக்கும்போது இந்தக் கணக்கால் யாருக்கும் பயனில்லை. அதைவிட முக்கியமானவை வேறு இரண்டு. நைலான் நீரை உறிஞ்சி மென்மையாகிச் சற்று வலிமை இழக்கும். ஃபுளோரோகார்பன் ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. அடுத்தது அடர்த்தி: நைலானுக்கு 1.14, ஃபுளோரோகார்பனுக்கு 1.78. பின்னது விரைந்து மூழ்குவதால் அடித்தளத்தில் துள்ளவிடும் இரைக்கு ஏற்றது. நீர்மட்டத்தில் தெறிக்கும் பாப்பர் என்னும் மிதக்கும் இரைக்குக் கட்டினால் அதன் மூக்கைக் கீழே இழுத்துவிடும், அங்கே நைலான்தான். நைலானின் நீட்சி அதிர்வைத் தாங்கும் என்று சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒன்றரை மீட்டர் துண்டு எவ்வளவுதான் நீண்டுவிடும்?

எஃகுக் கம்பி லீடர், இவ்வூரார் ஷாட் (shad) என்று அழைக்கும் மீனைப் போன்ற கூர்ப்பற்கள் கொண்ட மீன்களுக்கே உரியது. அதுவும் ஒரு சாண் போதும்.

நீளத்தைத் தீர்மானிப்பது மீனின் நடத்தை. கொக்கி விழுந்ததும் செப்பிலியும் களவாவும் தலைகுப்புற இடுக்கை நோக்கிப் பாயும். அப்போது பாறையில் உரசுவது மீனின் வாயிலிருந்து அதன் உடல் நீளத்துக்கும் அதற்குச் சற்று அப்பாலும் உள்ள பகுதி. எதிர்பார்க்கும் மீனின் நீளத்தைப்போல் இரு மடங்கு லீடர் இருந்தால் பின்னல் நூல் பாறையைத் தொடும் வாய்ப்பு பெரிதும் குறையும். தூண் உயரமானதாகவோ நீர் ஆழமானதாகவோ இருந்தால் இரண்டு மீட்டர்வரை போகலாம். அந்த அளவில் முடிச்சு கோல் வளையங்களின் வழியே ஓட வேண்டியிருப்பதால், பின்னலை லீடரின்மேல் மாற்றி மாற்றிச் சுற்றி இறுக்கும் மெல்லிய எஃப்ஜி முடிச்சே வேண்டும். இறுக்குமுன் எச்சிலால் நனைப்பது சடங்கன்று. உலர்ந்த உராய்வின் வெப்பம் நரம்பை அங்கேயே சிதைத்துவிடும்.

மாமா ஒவ்வொரு மீனுக்குப் பின்னும், இரை தூணில் சிக்கி மீண்ட ஒவ்வொரு முறையும், லீடரின் கடைசி முழ நீளத்தை உதடுகளுக்கு இடையே வைத்து மெல்ல இழுப்பார். விரல் நுனி தவறவிடும் கீறலை உதடு பிடித்துவிடும். சொரசொரப்புத் தட்டினால் பேச்சை நிறுத்திவிட்டு, பல்லால் நரம்பை அறுத்துத் துண்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மறுபடி முடிச்சிடத் தொடங்குவார்.