காப்பீட்டு அட்டையும் சி.டி. ஸ்கேனும்: குமுளி தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

கம்பத்திலிருந்து விடியற்காலை ஜீப்பில் ஏறி, குமுளி தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஒரு பெண், ஓராண்டுக்கு மேலாக வயிற்றுப்போக்குக்கும் திடீரென முகம் சிவந்து எரிவதற்கும் மாத்திரை வாங்கித் தின்றுகொண்டிருந்தார். குடலில் ஹார்மோன் சுரக்கும் கட்டி இருக்கலாம் என்று சந்தேகித்த மருத்துவர், சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். காப்பீட்டு அட்டை வீட்டிலேயே இருந்தும், அதை எங்கே காட்டுவது என்று ஒருவரும் சொல்லாததால், காதுத் தோட்டை அடகு வைத்து வெளியில் ஸ்கேன் எடுத்தார்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. மற்றவை விளம்பரப் பலகையிலேயே இருக்கின்றன. பலகையில் இல்லாதவைதான் ஆளை அலைய வைக்கின்றன.

முதலாவது, ரேஷன் கார்டு. பொதுவாகத் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையில் பெயர் இருந்தால்தான் இத்திட்டம். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) தங்கிக் கேரள அட்டைக்கு மாறியவர்கள் அங்குள்ள காருண்யா ஆரோக்ய சுரக்ஷா பத்ததியில்தான் கேட்க வேண்டும். கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயர் அப்பா வீட்டு அட்டையில் நீக்கப்பட்டு, புகுந்த வீட்டு அட்டையில் சேர்க்கப்படாமல் தொங்கினால், இரண்டு பக்கமும் கையை விரிப்பார்கள். வருமானச் சான்று கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேசை மேசையாக நகரும் என்பதால், வலி வந்த பிறகு அதற்கு விண்ணப்பிப்பது வீண்.

இரண்டாவது, ஓ.பி. சீட்டு. காருண்யா திட்டம் படுக்கையில் சேர்ந்தவர்களுக்கானது. சேர்வதற்கு முன் எடுத்த பரிசோதனைகளில், கடைசி 3 நாள் செலவு மட்டுமே அதில் அடங்கும். நம் திட்டத்தில் நோயறியும் பரிசோதனைகளும் பட்டியலில் இருந்தாலும், அரசு மருத்துவமனைப் பரிந்துரையும் முன் அனுமதியும் இல்லாமல் அவற்றில் எதுவும் நடக்காது. இது ரொக்கமில்லாத் திட்டம். முதலில் கட்டிவிட்டு ரசீதோடு பின்னால் வந்து கேட்டால் பணம் திரும்பாது. எனவே ஸ்கேன் நிலையத்துக்குப் போகும் முன் மருத்துவமனையின் காப்பீட்டு மேசைக்குப் போங்கள். அனுமதி இழுத்தடித்தால், தேனி கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே ஸ்கேன் எடுக்கக் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இதற்கு வாங்குவது வெளியில் கேட்பதைவிட மிகக் குறைவு.

மூன்றாவது குழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சீட்டில் 'வயிறு சி.டி.' என்று மட்டும் இருந்தால் எடுத்த ஸ்கேனே வீணாகலாம். ஹார்மோன் சுரக்கும் இக்கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இரத்த ஓட்டம் அதிகம். படம் தெளிவாகத் தெரிய ஊசியில் செலுத்தும் மருந்து தமனியில் ஓடும் முதல் 30, 40 விநாடிகளில் கட்டி பளிச்சென்று தெரிந்து, பிறகு சுற்றியுள்ள சதையோடு கலந்துவிடும். ஆகவே தமனிக் கட்டம், சிரைக் கட்டம் என இரண்டு வேளையிலும் படமெடுக்க வேண்டும் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். குடிக்கக் கொடுப்பது படத்தில் வெள்ளையாகத் தெரியும் மருந்தாக இருந்தால் குடல் சுவரில் உள்ள சிறு கட்டி மறைந்துவிடும் என்பதால், தண்ணீர் போதுமா என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஊசிக்கு முன் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனை முடிவு வேண்டும். அது இல்லாமல் போனால் அன்றைய கூலியும் பஸ் காசும்தான் நட்டம்.

இவ்வகையில் ஒன்றான, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டி பெரும்பாலும் 2 சென்டிமீட்டருக்கும் சிறியது. ஆகவே சி.டி.யில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் தொந்தரவு தொடர்ந்தால் அடுத்த பரிசோதனையைக் கேட்கத் தயங்க வேண்டாம். ஃபிலிமோடு நிற்காமல் படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லையென்றால், மேல்சிகிச்சைக்குப் போகும் மதுரையில் மறுபடியும் முதலிலிருந்து எடுக்கச் சொல்வார்கள்.