படத்தில் பச்சை தெரிந்தால் அது ஆக்சிஜன் அளவா?

மறுபடியும் ஒரு கல்லூரி புராஜெக்ட் அறிக்கை மதிப்பீட்டுக்கு வந்திருக்கிறது. இறக்கும் விண்மீன் உதறிய வாயுவைப் பற்றியது. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த வளைய நெபுலா (அப்படி ஒரு வாயு மேகம்) படத்தை இறக்கி, பச்சைப் பிக்சல்களை எண்ணி, 'ஆக்சிஜன் இத்தனை சதவீதம்' என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். இதையே எத்தனை தடவை திருத்துவது!

அந்தப் படத்தில் நீலம் ஹீலியம், பச்சை ஆக்சிஜன், சிவப்பு நைட்ரஜன். வேறு பல ஹபிள் படங்களில் சிவப்பு கந்தகம், பச்சை ஹைட்ரஜன், ஆக்சிஜனோ நீலம். ஒவ்வொரு தனிமத்தின் ஒளியை மட்டும் விடும் ஃபில்டர் வழியே வந்தது கறுப்பு வெள்ளைதான்; நிறம் பிறகு ஆட்கள் கொடுத்தது. ஒவ்வொரு அடுக்கின் வெளிச்சத்தையும் தனித்தனியே ஏற்றி இறக்கியும் இருப்பார்கள். அதில் போய்ப் பிக்சல் எண்ணி என்ன பயன்?

"சரி, ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து நிறமாலையே எடுத்தோம். அதில் ஆக்சிஜனின் 5007 ஆங்ஸ்ட்ராம் கோடுதான் உயரம். அப்போ ஆக்சிஜன்தானே அதிகம்?" என்று அடுத்து வருவார்கள். இல்லவே இல்லை. சாம்பாரில் தூக்கலாக மணக்கிறது என்பதற்காக அண்டா நிறையப் பெருங்காயமா இருக்கிறது? இங்கே ஓர் ஆக்சிஜன் அணுவுக்குச் சில ஆயிரம் ஹைட்ரஜன் அணுக்கள். அப்படியிருந்தும் பல நெபுலாக்களில் 5007 கோடு, ஹைட்ரஜனின் 4861 கோட்டைவிடப் பத்து மடங்கு பிரகாசம். சுமார் 10,000 கெல்வினில் எலக்ட்ரான்கள் மோதியே ஆக்சிஜன் அயனியை (எலக்ட்ரான் இழந்த அணுவை) ஒளிரக் கிளர்த்திவிடும். ஹைட்ரஜனைக் கிளர்த்த அந்த மோதல் போதாது. வெப்பநிலை சற்று ஏறினாலே கோடு எகிறும். 1864இல் வானியலாளர் ஹக்கின்ஸ் பூனைக்கண் நெபுலாவில் பார்த்துத் திகைத்ததும் இதே கோட்டைத்தான். 1927இல் இயற்பியலாளர் போவன் விளக்கும்வரை அது ஏதோ புதுத் தனிமம் என்றே பலர் நம்பினார்கள். அவர்களை மன்னிக்கலாம், நம்மை முடியாது.

ஆகவே முதலில் வெப்பநிலை. அதற்கு 5007-உடன் ஒப்பிட அதே அயனியின் 4363 கோடு வேண்டும். மகா மங்கல். போதாக்குறைக்குப் பக்கத்திலேயே, 4358இல், தெருவிளக்குப் பாதரசம் உட்கார்ந்திருக்கும். பகுதிறன் (நெருங்கிய கோடுகளைப் பிரித்துக் காட்டும் திறன்) குறைந்த கருவியில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். வானப் பின்னணியைக் கழிக்காமல் அளந்தால் நெபுலா அநியாயத்துக்குச் சூடாகத் தெரியும். 5577இல் நிற்பது நம் வளிமண்டல ஆக்சிஜன், அதைச் சேர்க்காதீர்கள்.

5007-க்கும் அதே அயனியின் 4959-க்கும் பிரகாச விகிதம் ஏறத்தாழ 3 வர வேண்டும். ரொம்பக் குறைந்தால் பெரும்பாலும் டிடெக்டர் நிரம்பி வழிந்திருக்கிறது. ஒளி வாங்கும் நேரத்தைக் குறைத்து மறுபடி எடுங்கள். 6563 ஹைட்ரஜனுக்கு இருபுறமும் நைட்ரஜன் கோடுகள் உண்டு. பிரித்துப் பார்க்காமல் எழுதாதீர்கள்.

வழிகாட்டும் ஆசிரியர்களே, ஹபிள் காப்பகத்தில் மூலக் கோப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கையெழுத்துப் போடுமுன் பிள்ளைகளை அதை எடுக்கச் சொல்லுங்கள், ப்ளீஸ்.