ஹோட்டலில் மது பரிமாறினால் பொறுப்பு யாருக்கு?

ஏப்ரல் சீசன் வந்தால் நுவரெலியா, பண்டாரவளை, எல்ல பக்கத்து ஹோட்டல்களில் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் வெயிட்டர் வேலைக்குச் சேருகிறார்கள். தட்டு பிடிக்கப் பழக்குகிற முதலாளிமாரில் எத்தனை பேர் மதுவைப் பற்றிய சட்டத்தைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்? வில்லங்கம் என்று வந்தால் மட்டும் "பொடியன்தான் குடுத்தான்" என்று கை காட்டுவது அநியாயம்.

முதலில் வயது. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க புகையிலை, மதுசாரம் பற்றிய சட்டப்படி 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பது குற்றம். 50,000 ரூபாய் வரை அபராதம், ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் "விற்கும் எவரும்" என்பதால் பரிமாறிய பிள்ளையும் மாட்டலாம். ஆகவே முகத்தைப் பார்த்து வயதை மதிப்பிடாதீர்கள், அடையாள அட்டையைக் கேளுங்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்களும், புதிய 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த வருடம். வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட். கேட்டதற்காக விருந்தாளி கோபித்தால், அவரைச் சமாளிக்க வேண்டியது மேனேஜர்.

அடுத்தது லைசன். மதுவரித் திணைக்களம் கொடுக்கும் அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையை வேலையாள் மீறினாலும் அது ரத்தாகலாம். அதனால் "எனக்குத் தெரியாமல் நடந்தது" என்று முதலாளி ஒதுங்கிவிட முடியாது. போயா எனும் பௌர்ணமி விடுமுறை தினத்தில் விற்பனை கிடையாது. லைசன் இல்லாத ஹோம்ஸ்டேயில் ஒரு போத்தல் விற்பதும் குற்றமே.

குடித்துவிட்டுப் போனவர் ரம்பொடை வளைவில் யாரையாவது மோதினால்? 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் மதுசாரம் இருந்தால் ஓட்டியவர்தான் முதல் குற்றவாளி. ஆனால் நட்டஈடு வேறு வழக்கு. நம் நாட்டில் அது ஒல்லாந்தர் காலத்தில் வந்த உரோம டச்சுச் சட்டத்தின் வழி வருவது: கவனயீனம் இருந்ததா, அதனால்தான் இழப்பு வந்ததா என்று பார்ப்பார்கள். தள்ளாடுகிறவர் கையில் வேன் சாவி இருப்பதைக் கண்டும் இன்னொரு கிளாஸ் ஊற்றிய ஹோட்டலுக்கு எதிராக அந்த வாதத்தை வைக்க இடமுண்டு. வேலை நேரத்தில் வேலையாள் செய்த தவறுக்கு முதலாளியும் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஆகவே நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை வெயிட்டருக்குக் கொடுங்கள். எத்தனை மணிக்கு மறுத்தோம், யார் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்கள் என்று கொப்பியில் எழுதி வையுங்கள். இழப்பு நேர்ந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம் என்பதால் அந்தக் கொப்பியைச் சீசன் முடிந்ததும் எறிந்துவிடாதீர்கள்.