ஓ.எல். முடிந்து மூன்று மாதத்தில் கிட்டார் வந்துவிடாது

சாதாரண தரப் பரீட்சை முடிந்த மறுவாரமே ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துக் கிட்டார் வகுப்புகளில் இந்தக் கேள்வி வந்துவிடும். "சேர், ரிசல்ட் வர்றதுக்குள்ள புள்ள வாசிச்சிருவானா?" இந்த வருடமும் வந்துவிட்டது. பிள்ளையின் தோளில் புதுக் கிட்டார், தகப்பனின் முகத்தில் அவ்வளவு ஆசை. இல்லை என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? சிலர் ஆம் என்று சொல்லிக் காசை வாங்கிக்கொள்கிறார்கள். நாலாம் மாதம் கிட்டார் அலுமாரிக்கு மேலே ஏறிவிடுகிறது. "எங்க புள்ளைக்கு மியூசிக் வராது" என்று வீட்டில் தீர்ப்பும் எழுதியாகிவிடுகிறது. பொறுக்க முடியாதது அந்தத் தீர்ப்புதான்.

கணக்கைப் பாருங்கள். ஞாயிறு ஒரு மணித்தியால வகுப்பு, வீட்டில் உறையைத் திறப்பதே இல்லை என்றால் மூன்று மாதத்துக்கு 13 மணித்தியாலம். அதே மூன்று மாதத்தில் வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 30 நிமிடம் வாசிக்கும் பிள்ளைக்கு 39 மணித்தியாலம். வருடத்துக்கு 156. இரண்டு பேரும் "மூணு மாசம் பழகினேன்" என்றுதான் சொல்வார்கள். ஆகவே எத்தனை மாதம் என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். வாரத்தில் எத்தனை நாள் விரல் கம்பியில் படுகிறது என்று கேளுங்கள். ஆறு நாள் விட்டுவிட்டு ஞாயிறு மட்டும் மூன்று மணித்தியாலம் உட்கார்ந்தாலும் ஈடாகாது. இன்று விரல் கற்றது இரவுத் தூக்கத்தில்தான் படிகிறது. மறுநாள் அதன் மேல்தான் அடுத்தது ஏறும்.

இன்னொரு பக்கம், "பத்தாயிரம் மணித்தியாலம் வேணுமாமே" என்று பயந்து தொடங்காமலே நிற்பவர்கள். அந்த எண் உளவியல் ஆய்வாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1993-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. பெர்லின் இசைக் கல்லூரியின் மிகச் சிறந்த வயலின் மாணவர்கள் 20 வயதுக்குள் தனியே செய்த பயிற்சியின் சராசரி அது. அவர்கள் உலக மேடைக்குத் தயாரானவர்கள். கோயில் பஜனைக்கும் தேவாலயப் பாடகர் குழுவுக்கும் கல்யாண வீட்டுக்கும் வாசிக்க அந்த எண்ணைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

சரி, நன்றாக வாசிக்கிறான் என்று எப்போது சொல்லலாம்? பாடுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தாளம் விடாமல், பாட்டின் நடுவே நிற்காமல் முடிவுவரை போக வேண்டும். பாடுகிறவர் அரைச் சுருதி ஏற்றச் சொன்னால் கேபோவை (கழுத்தில் எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) ஒரு பிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) தள்ளிப் போட்டுத் தொடர வேண்டும். டியூனர் இல்லாமல் சுருதி சேர்க்கத் தெரிய வேண்டும்: ஐந்தாவது பிரெட்டில் அழுத்தி அடுத்த கம்பியோடு ஒப்பிடுவது, மெல்லிய கம்பியிலிருந்து எண்ணி மூன்றாம் கம்பிக்கு மட்டும் நாலாவது பிரெட். தெரியாத பாட்டில் மூன்று நான்கு கோர்ட்டையாவது (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) காதால் பிடிக்க வேண்டும். நாளுக்கு அரை மணித்தியாலம் ஒழுங்காக வாசிக்கும் பிள்ளைக்கு இதற்கு ஒன்றரை வருடத்திலிருந்து இரண்டு வருடம் பிடிக்கும். மூன்று மாதத்தில், சில கம்பிகளை அழுத்தாமல் விட்டு வாசிக்கும் ஏழெட்டுத் திறந்த கோர்ட்டும், மெதுவான இரண்டு பாட்டும் வந்தால் அது நல்ல வளர்ச்சி. அதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்.

கோர்ட் மாற்றத்தில்தான் காலம் போகிறது. ஏ மைனரிலிருந்து சி மேஜருக்குப் போக மோதிர விரல் ஒன்றுதான் நகர வேண்டும்; மூன்றாம் கம்பியின் இரண்டாம் பிரெட்டை விட்டு ஐந்தாம் கம்பியின் மூன்றாம் பிரெட்டுக்கு. மற்ற இரண்டு விரலும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் புதிதாகப் பழகும் பிள்ளை மூன்றையும் தூக்கிவிட்டு மறுபடி ஒவ்வொன்றாக வைக்கும். பாட்டு நிற்பது அங்கேதான். ஒரு நிமிடம் கடிகாரம் வைத்து, எத்தனை முறை மாற்றுகிறது என்று எண்ணுங்கள். முதல் வாரம் பத்து வந்தாலே போதும். முப்பது வந்தால் மெதுவான பாட்டுக்குத் தாங்கும். அறுபது வந்தால் அந்தச் சோடியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

ஆட்காட்டி விரல் ஒன்றே எல்லாக் கம்பியையும் அழுத்த வேண்டிய எஃப் கோர்ட்டில் அழும் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் நிற்க வேண்டும். முக்கால்வாசி குற்றம் வாத்தியத்தில் இருக்கிறது. பள்ளிக்கூட அடிமட்டத்தை எடுத்து, 12-ஆவது பிரெட்டுக்கு மேல் தடித்த கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். எஃகுக் கம்பிக் கிட்டாருக்கு இரண்டரை மில்லிமீட்டர் அளவு நல்லது. மூன்றைத் தாண்டினால் இறக்க வேண்டும். அடுத்து, கம்பியை இரண்டாம் பிரெட்டுக்கும் மூன்றாம் பிரெட்டுக்கும் நடுவில் அழுத்துங்கள். முதல் பிரெட்டுக்கு மேலே ஒரு தாள் நுழையும் இடைவெளிதான் தெரிய வேண்டும். அதிகமாகத் தெரிந்தால் நட், அதாவது தலைப்பக்கத்தில் கம்பிகள் பதியும் சிறு கட்டை, உயரம். அந்தக் கிட்டாரில் பெரியவர்களுக்கே எஃப் ஒலிக்காது, பிள்ளையை ஏசி என்ன பயன்? வேலை தெரிந்தவரிடம் கொடுத்து நட்டைத் தேய்த்து வாங்குங்கள். பிறகு ஆட்காட்டி விரலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, பிரெட்டை ஒட்டி வைத்து, கையின் பாரத்தால் பின்னுக்கு இழுக்கச் சொல்லுங்கள். பெருவிரலால் நசுக்கக் கூடாது.

நைலோன் கம்பிக் கிட்டாருக்கு எஃகுக் கம்பி போடாதீர்கள். நைலோன் ஆறும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கும், எஃகு சுமார் 70. பெட்டியின் மேல் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து கையோடு வந்துவிடும்.

பைலா என்னும் ஆட்டப் பாட்டு வாசிக்கத்தான் பிள்ளைகளுக்கு ஆசை, நம் கல்யாண வீடுகளில் அது இல்லாமல் முடியாது. நாலு எண்ணி வலக்கையால் கம்பிகளைச் சேர்த்து மீட்டும் ஸ்ட்ரம்மிங்கை மட்டும் ஆறு மாதம் பழக்கிவிட்டு, அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தால் பிள்ளை திணறும். பைலா ஆறு எட்டுத் தாளம். ஆறு எண்ணினாலும் அழுத்தம் ஒன்றிலும் நாலிலும்தான். கால் இரண்டு முறைதான் தட்டும். கோர்ட்டே பிடிக்காமல், இடக்கையால் கம்பியை மூடிக்கொண்டு, வலக்கையை மட்டும் பழக்குங்கள்: கீழ்-மேல்-கீழ், கீழ்-மேல்-கீழ். ரெக்கோர்டோடு சேர்ந்து வாசித்தால் தாளம் பிசகுவது காதில் விழாது, ஆகவே சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமைப் போடுங்கள்.

மலைநாட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. தென்மேல் பருவமழைக் காலத்தில் ஹட்டன், வட்டவளைப் பக்கம் ஈரம் வாரக்கணக்கில் இறங்காது. மரம் ஊதும், கம்பி உயரும், எஃகு துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடையுங்கள், உறைக்குள் சிலிக்கா ஜெல் பைகளைப் போடுங்கள். காயட்டும் என்று அடுப்படியில் மாட்டாதீர்கள், ஒட்டு விட்டுவிடும். நுவரெலியாக் குளிரில் விறைத்த விரலோடு தொடங்கக் கூடாது. கையை வெந்நீரில் நனைத்து, நன்றாகத் துடைத்துவிட்டு எடுங்கள்.

முதல் மூன்று நான்கு வாரம் விரல் நுனி எரியும், பிறகு தோல் தடிக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். மணிக்கட்டிலோ பெருவிரல் மூட்டிலோ வலித்தால் அன்றைக்கு உடனே நிறுத்துங்கள். விடாமல் வலித்தால் டொக்டரிடம் காட்டுங்கள்.

ஏ.எல். வகுப்பு தொடங்கியதும் தயவுசெய்து கிட்டாரை உறையில் போட்டு மூடிவிடாதீர்கள். டியூஷன் விட்டு வந்து தேத்தண்ணி குடித்த பிறகு பத்து நிமிடம் இருந்தால் போதும்: சுருதி சேர்க்க ஒரு நிமிடம், ஒரு கோர்ட் சோடிக்கு மூன்று நிமிடம், மீதியில் ஒரு பாட்டு முழுதாக. ஈரம் இல்லாத நாட்களில் கிட்டார் உறையில்லாமல், கண்ணில் படும் இடத்தில், சுவரில் சாய்ந்து நிற்காமல் ஒரு ஸ்டாண்டில் இருக்கட்டும்.