உள்விளிம்பு மட்டும் மொட்டையாவது ஏன்?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர் படத்துடன் கேட்டிருக்கிறார்: "காரின் முன் டயர் இரண்டும் வெளியே பார்த்தால் புதிது போல இருக்கின்றன. கழற்றினால் உள்விளிம்பில் கம்பி தெரிகிறது. குழியில் விழுந்தது இடப்பக்கச் சில்லு மட்டும்தான். வலப்பக்க டயரும் ஏன் தேய்ந்தது? வாகனத்துக்கு ராசி இல்லை, விற்றுவிடு என்கிறார்கள்."

அருமையான கேள்வி. தெரிந்த சங்கதிகளை முதலில் முடித்துவிடுவோம். காற்றமுக்கம் கூடினால் டயரின் நடுப்பகுதி தேயும், குறைந்தால் இரு விளிம்புகளும் தேயும். ஷொக் அப்சோபர் பழுதானால் சில்லு துள்ளித் துள்ளி ஓடி, டயரில் ஆங்காங்கே பள்ளம் விழும். ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்தால் சில்லின் கோணத்தைப் பார்க்க வேண்டும். முன்னாலிருந்து பார்க்கும்போது சில்லு உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். மேலிருந்து பார்க்கும்போது இரு சில்லுகளின் முன்பகுதிகளும் நெருங்கியோ விலகியோ நிற்பது டோ. காஸ்டர் என்று மூன்றாவதும் உண்டு. அது ஸ்டியரிங்கின் குணத்தை மாற்றுமே தவிர, டயரைப் பெரிதாகத் தின்னாது.

தின்பதில் முதலிடம் டோவுக்கு. சில்லு ஒவ்வொன்றும் கால் பாகை வெளியே திரும்பியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 40 சென்ரிமீற்றர் விட்டமுள்ள றிம்மில் அளந்தால், முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள இடைவெளி வித்தியாசம் மொத்தமே மூன்றரை மில்லிமீற்றர்தான். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சில்லு பார்க்கும் திசை ஒன்று, கார் அதை இழுத்துப் போகும் திசை இன்னொன்று. கணக்குப் போட்டால் ஒரு கிலோமீற்றருக்கு 4.4 மீற்றர் பக்கவாட்டு இழுவை வருகிறது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை ஏறத்தாழ 40 கிலோமீற்றர். நேராகத்தான் போனோம் என்று நினைத்து இறங்கும்போது, இரண்டு முன் டயர்களும் 170 மீற்றருக்கு மேல் பக்கவாட்டில் இழுபட்டிருக்கின்றன.

அப்படியானால் கீச்சிடும் சத்தம் ஏன் கேட்பதில்லை? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். டயர் தரையைத் தொடும் பகுதியின் நீளம் சுமார் 15 சென்ரிமீற்றர். சில்லு உருண்டுகொண்டிருந்தாலும், தரையைத் தொட்ட இறப்பர்த் துண்டு அந்தக் கணத்தில் வீதியைப் பற்றிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. சில்லோ முன்னே போகப் போக அதைப் பக்கவாட்டில் இழுக்கிறது. துண்டு விடாமல் வளைந்துகொடுக்கிறது. தொடுபகுதியின் கடைசிக்கு வரும்போது வளைவு அரை மில்லிமீற்றரைத் தாண்டிவிடும். அங்கே மேலிருந்து அழுத்தும் பாரம் குறைகிறது, பிடி தளர்கிறது, துண்டு வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்புகிறது. தேய்மானம் பெரும்பாலும் அந்தச் சின்ன வழுக்கலில்தான் நடக்கிறது, அழிறப்பர் தாளில் உரசித் தூளாவதைப் போல. சில்லு வெளியே திரும்பியிருந்தால் இந்த உரசல் கூடுதலாக விழுவது உள்விளிம்பில்தான். சில்லு ஒரு சுற்றுக்கு இரண்டு மீற்றர் ஓடினால், கல்முனை போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு துண்டும் இருபதாயிரம் தடவை இப்படி வளைந்து வழுக்கியிருக்கும்.

இதன் தடயத்தைக் கையாலேயே அறியலாம். என்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால் உள்விளிம்பு வெளியே தெரியும். கம்பி வெளிவராத டயராக இருந்தால் உள்ளங்கையைக் குறுக்கே மெதுவாகத் தடவுங்கள். உள்ளிருந்து வெளியே வழவழப்பாகவும், வெளியிலிருந்து உள்ளே வரும்போது அரம் போலவும் பட்டால், சில்லு வெளியே திரும்பியிருக்கிறது. எதிர்மாறாக இருந்தால் உள்ளே திரும்பியிருக்கிறது. இரு திசையிலும் ஒரே வழவழப்பு, ஆனால் ஒரு விளிம்பு தேய்ந்திருக்கிறது என்றால் கேம்பரைச் சந்தேகிக்கலாம்.

இனி வலப்பக்க டயருக்கு வருவோம். பல சிறிய கார்களில் ஸ்டியரிங்கைச் சில்லுடன் இணைக்கும் டை ரொட் அச்சுக்குப் பின்னால் இருக்கும். குழியில் அடிபட்டு அது சற்று வளைந்தால் நீளம் குறையும். சில்லின் பின்பகுதியை உள்ளே இழுக்கும். முன்பகுதி வெளியே திரும்பும். இடச் சில்லு அரைப் பாகை வெளியே திரும்பினால் கார் இடப்பக்கம் இழுக்கப் பார்க்கும். நாம் நம்மை அறியாமலே ஸ்டியரிங்கைச் சற்று வலப்பக்கம் பிடிப்போம். இரு டயர்களின் பக்கவிசைகளும் சமனாகும்வரை அது திரும்பும். அப்போது ஆளுக்குக் கால் பாகை. அடிபட்டது ஒன்று, தேய்வது இரண்டும். நேர் வீதியில் ஸ்டியரிங் கோணலாக நிற்பது இதற்கு நல்ல அடையாளம்.

நமது பக்கத்தில் இது அதிகம் நடக்கக் காரணம் உண்டு. மாரி மழையில் குழி எது, தேங்கிய நீர் எது என்று தெரியாது. வயலோரக் கிறவல் வீதிகளில் சில்லு அடிபடாத நாளில்லை. இலங்கையில் 2020 இல் வந்த வாகன இறக்குமதித் தடை 2025 இல் நீங்கும்வரை பழைய வாகனங்களையே ஓட்டினோம். மூட்டுகளும் அவற்றோடு பழையதாயின. புது வாகனத்துக்குப் பூசை செய்து சில்லின் கீழ் தேசிக்காய் நசுக்குவது அவரவர் விருப்பம். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ராசியில்லை என்று சொல்லிக் கைமாற்றிவிடும்போது, வளைந்த டை ரொட்டும் கம்பி தெரியும் டயரும் இன்னொரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓடும். அதை என்னால் ஏற்க முடியாது.

தேய்ந்த இறப்பரும் எங்கோ மறைந்துவிடுவதில்லை. மழை அதை வடிகானுக்குக் கொண்டுபோகிறது, வடிகான் மட்டக்களப்பு வாவிக்கு. டயர் இறப்பரை ஓசோனிலிருந்து காக்கச் சேர்க்கும் ஒரு பொருள், அதே ஓசோனுடன் தாக்கமுற்று உண்டாக்கும் சேர்வைதான் அமெரிக்காவின் வொஷிங்டன் மாநில ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020 இல் கண்டுபிடித்தார்கள். வாவியை நம்பி வலை வீசும் மாவட்டம் இது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இத்தகைய ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவதை வீண்செலவு என்று யாரும் சொல்லக் கூடாது.

வாசகருக்கு: அந்த இரண்டு டயர்களையும் பின்னுக்கு மாற்றி ஓட்ட வேண்டாம், அகற்றிவிடுங்கள். எலைன்மன்ட் செய்வதற்கு முன் டை ரொட்டையும், சில்லு திரும்ப உதவும் உருண்டை மூட்டான போல் ஜொயின்ட்டையும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்ததையோ தளர்ந்ததையோ மாற்றாமல் கோணத்தைச் சரிசெய்தால் அடுத்த குழி வரைதான் நிற்கும். பின்சில்லுகளையும் அளக்கச் சொல்லி, திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் அச்சான தாளைக் கேட்டு வாங்குங்கள்.