ஆமையைத் தொடர்ந்து மேலே போகாதீர்கள்

காற்றுச் சிலிண்டரைச் சுமந்து கடலில் மூழ்கும் ஸ்கூபா விடுமுறைக்கு வருபவர்கள் பயிற்சியாளரான என்னிடம் முதலில் கேட்பது, ஆமையைப் பார்க்க முடியுமா என்பதுதான். சுறாவை எண்ணி அஞ்சுபவர்களும் உண்டு. ஆனால் என்னை அதிகம் கவலைப்பட வைக்கும் உயிரினம் ஆமையே.

சில ஆண்டுகளுக்கு முன், 12 மீட்டர் ஆழத்தில் ஒரு பச்சை ஆமை பவளப்பாறையின் விளிம்பில் மேய்ந்துகொண்டிருந்தது. முன்துடுப்பைப் பாறையில் ஊன்றி, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து அது பாசியைக் கடித்திழுக்க, சிதறிய துணுக்குகளுக்காகச் சிறுமீன்கள் அதன் வாயருகே மொய்த்தன. கேமராவுடன் அருகில் மிதந்த என் மாணவர், ஆமை பாறையை விட்டு மேல்நோக்கிக் கிளம்பியதும் தாமும் கூடவே கிளம்பினார். அவருடைய குமிழிகள் நின்றுபோயிருந்ததை நான் கவனித்தேன். படம் அசையக் கூடாதென்று மூச்சை அடக்கியிருந்தார். உடனே அவருடைய மிதவைச் சட்டையைப் பிடித்து நிறுத்தி, மூச்சை விடுமாறு சைகை காட்டினேன். நல்லவேளையாக அவருக்கு எதுவும் நேரவில்லை.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டரில் நுரையீரலில் நிறைத்த காற்று, வெளியேற வழியின்றி மேற்பரப்புக்கு வந்தால் இரு மடங்காக விரிய முயலும். அப்போது நுரையீரல் திசு கிழிந்து, காற்றுக்குமிழிகள் இரத்தத்தில் கலந்து மூளையைச் சென்றடையக்கூடும். முழு மூச்சை அடக்கியபடி ஒன்றிரண்டு மீட்டர் ஏறினாலே இந்த ஆபத்து உண்டு. ஆமைக்கு இந்தச் சிக்கல் இல்லை. மேற்பரப்பில் இழுத்த மூச்சோடு அது இறங்குவதால், ஏறும்போது அக்காற்று பழைய அளவுக்குத்தான் திரும்பும். நாமோ ஆழத்திலேயே, அந்த ஆழத்தின் அழுத்தத்தில் காற்றைச் சுவாசிக்கிறோம். ஆகவே எதைப் பார்த்து வியந்தாலும் மூச்சு மட்டும் நிற்கக் கூடாது.

விரைந்து ஏறுவதால் இன்னொரு கேடும் உண்டு. சுவாசித்த காற்றிலிருந்து உடலில் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் சட்டெனக் குறைந்தால் உடலுக்குள்ளேயே குமிழிகளாகிவிடும். அது மெல்ல வெளியேற நேரம் வேண்டும் என்பதால்தான் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறி, 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கச் சொல்கிறோம். விமானத்திலும் அழுத்தம் குறைவு என்பதால், பல நாள் தொடர்ந்து மூழ்கியவர்கள், கடைசி முழுகலுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரமாவது விமானம் ஏறாமல் இருக்க வேண்டும்; பயணச்சீட்டை வாங்கும்போதே இதைக் கணக்கில் கொள்வது நல்லது.

மேலே போகக் கூடாத இன்னொரு தருணம், டைட்டன் டிரிகர் எனப்படும் பெரிய கிளாத்தி மீன் கூட்டைக் காக்கும் காலம். அது காக்கும் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கிக் கூம்பாக விரிந்து செல்வதால், மேலே தப்ப முயல்பவரை விடாமல் துரத்தும். கிடைமட்டமாக விலகி நீந்தினால் விரைவில் அதன் எல்லையைக் கடந்துவிடலாம்.

நீரில் ஏறாமலும் இறங்காமலும் மிதக்கப் பழகாதவர்கள் கேமராவைப் படகிலேயே விட்டுவர வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். கவனம் திரைக்குப் போய்விட்டால் ஆழமும் சிலிண்டரின் காற்றளவும் கண்ணில் படுவதில்லை. ஆமைக்கும் இது நல்லது. மூச்செடுக்கக் கிளம்பும் அதன் வழியை யாரும் மறிக்கமாட்டார்கள்.

அன்று நாங்கள் அந்தப் பாறையருகிலேயே காத்திருந்தோம். சற்று நேரத்தில் அதே ஆமை இறங்கி வந்து, விட்ட இடத்திலேயே மேயத் தொடங்கியது. மாணவர் மீண்டும் கேமராவை உயர்த்தினார். இம்முறை அவருடைய குமிழிகள் சீராக மேலே போய்க்கொண்டிருந்தன.